முதலில் ஏறியவர் ஏன் முதலில் இறங்குகிறார்?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பை ஒட்டி ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இந்த வருஷம் நீங்கதான் பேசணும். அரை மணி நேரம். ஏதாவது சயன்ஸா இருக்கட்டும்" என்றார். நான் எலக்ட்ரிகல் பிரிவில் படித்தவன். தெருவிளக்குகள் அமைக்கும் வேலை என் தொழில். எனவே விளக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆனால் பேசப்போவது விளக்கைப் பற்றி அல்ல. அணுவுக்குள் எலக்ட்ரான்களுக்கு இருக்கும் ஆற்றலைப் பற்றி. கெமிஸ்ட்ரி என்றாலே பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், ஒரே ஒரு வகுத்தல், அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்களுக்கு இரவு நேரச் சென்னை என்றால் ஆரஞ்சு மஞ்சள்தான். பீச் ரோடாகட்டும், கிரீன்வேஸ் ரோடாகட்டும், எல்லாம் சோடியம் வேப்பர் விளக்கு. இப்போது பெரும்பாலும் எல்.ஈ.டி. வந்து வெள்ளையாகிவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோடியத்தின் மஞ்சள் வீட்டை விட்டுப் போகவில்லை. உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீல ஜுவாலை பளிச்சென்று மஞ்சளாகிறதே, அது அதே மஞ்சள்தான். அதன் அலைநீளம் 589 நானோமீட்டர். நுட்பமாகப் பார்த்தால் 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள். அடுப்பிலும் அதுதான், நம் பிசிக்ஸ் லேபிலும் அதுதான், சூரிய ஒளியில் கறுப்புக் கோடாகத் தெரிவதும் அதுதான். எந்த ஊர் சோடியமாக இருந்தாலும் அதே 589. ஏன் இந்த எண்? இதுதான் முதல் கேள்வி.

எலக்ட்ரானின் ஆற்றலைப் புத்தகத்தில் மைனஸ் போட்டு எழுதியிருப்பார்கள். அந்த மைனஸில்தான் பாதிப் பேர் குழம்புவது. அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் போர் போட்டவர்களுக்கு ஆழம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தரைமட்டம் என்பது எலக்ட்ரான் அணுவை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்ட நிலை. எலக்ட்ரான் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ, அவ்வளவு ஆற்றல் செலவழித்தால்தான் அதை மேலே தூக்க முடியும். இந்த ஆழத்தை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளக்கிறோம்.

ஹைட்ரஜனில் ஒரே எலக்ட்ரான். அதன் ஆழம் 13.6. இரண்டாம் கூட்டில் 13.6-ஐ நான்கால் வகுத்தால் 3.40. மூன்றாம் கூட்டில் ஒன்பதால் வகுத்தால் 1.51. நான்காவதில் 0.85. கூட்டின் எண் தெரிந்தால் போதும், ஆழம் தெரிந்துவிடும். மூன்றாம் கூட்டில் 3எஸ், 3பி, 3டி என்று மூன்று வகை ஆர்பிட்டால் இருந்தாலும் ஹைட்ரஜனில் மூன்றுக்கும் அதே 1.51தான். (மிக நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. இன்றைய பேச்சுக்கு அவை தேவையில்லை.)

இப்போது சோடியத்துக்கு வாருங்கள். பதினொரு எலக்ட்ரான். பத்து பேர் உள்ளே நெருக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள். பதினோராவது ஆள் மூன்றாம் கூட்டில். அணுக்கருவில் பதினொரு புரோட்டான் இழுக்கிறது. உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான் அதை மறைக்கிறது. மறைப்பு முழுமையாக இருந்தால் வெளியே உள்ளவருக்கு ஒரே ஒரு புரோட்டானின் இழுப்புதான் தெரிய வேண்டும். அதாவது ஹைட்ரஜன் மாதிரியே 1.51 இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தால் என்ன வருகிறது? 3டி-யில் இருந்தால் 1.52. சபாஷ், கணக்கு சரி. 3பி-யில் இருந்தால் 3.04. 3எஸ்-ல் இருந்தால் 5.14! கூடு ஒன்றுதான், எலக்ட்ரானும் ஒன்றுதான், ஆழம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. 5.14-லிருந்து 3.04-ஐக் கழியுங்கள். 2.10. அந்த 2.10 எலக்ட்ரான் வோல்ட்தான் 589 நானோமீட்டர் ஒளி. 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு எலக்ட்ரான் இறங்கும்போது விடும் மஞ்சள் அது. ஹைட்ரஜனைப் போல 3எஸ்-ம் 3பி-யும் ஒரே ஆழத்தில் இருந்திருந்தால் இந்த மஞ்சளே கிடையாது.

ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளை மெட்ராஸுக்குக் கூட்டி வர வேண்டும். உண்மையிலேயே வந்தவர் அவர்.

ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்துப் பேராசிரியர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட். அணு அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1919-ல் வந்தது. 1923-ல் இங்கிலீஷிலும் வந்துவிட்டது. நீல்ஸ் போர் எலக்ட்ரானை வட்டப் பாதையில் ஓடவிட்டார் அல்லவா? சோமர்ஃபெல்ட் அதை நீள்வட்டமாக்கினார். ஹைட்ரஜனில் வட்டமோ நீள்வட்டமோ, நீளம் ஒன்றாக இருந்தால் ஆற்றலும் ஒன்றுதான். ஆனால் சோடியத்தில் வட்டமாகச் சுற்றுகிறவர் உள்ளே இருக்கும் பத்து பேரின் கூட்டத்துக்கு வெளியிலேயே சுற்றிவிட்டுப் போகிறார். ரொம்ப ஒடுங்கிய நீள்வட்டத்தில் ஓடுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அணுக்கருவுக்குப் பக்கத்தில் பாய்ந்துவிட்டு வருகிறார். உள்ளே போனதும் மறைப்பு குறைந்துவிடுகிறது, பதினொரு புரோட்டானின் இழுப்பு நேராகத் தாக்குகிறது. அதனால்தான் அவர் அதிக ஆழத்தில் இருக்கிறார். கபாலீசுவரர் கோவில் தேரன்று தெற்கு மாட வீதியில் நின்று பார்க்கிறவருக்கும், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வடத்தைத் தொட்டுவிட்டு வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

1928-ல் சோமர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்தார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் கல்கத்தாவில் சி.வி. ராமன் தன் விளைவைக் கண்டுபிடித்திருந்தார். மெட்ராஸில் பிரசிடென்சி கல்லூரியில் சோமர்ஃபெல்ட் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு செய்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த ராமனின் அண்ணன் மகனுக்கு அப்போது பதினெட்டு வயதை ஒட்டி இருக்கும். மயிலாப்பூரில் வீடு. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று அன்றைக்குப் பெயர், இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. இங்கிருந்து ஆட்டோவில் பத்து பதினைந்து நிமிஷம், டிராஃபிக் இருந்தால் அரை மணி. பெயர் எஸ். சந்திரசேகர்.

அந்தப் பையன் சோமர்ஃபெல்டின் புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்தான். அடுத்து அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ச் சந்தித்து, உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்றான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகம் எழுதப்பட்ட பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொன்னார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக், பவுலி எல்லோரும் புதிய குவாண்டம் இயக்கவியலைக் கொண்டுவந்துவிட்டார்கள், நீ படித்தது பழசாகிவிட்டது என்று, அந்தப் புத்தகத்தை எழுதியவரே சொல்கிறார்! சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தான் எழுதி, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, அதே எலக்ட்ரான் கணக்கை நட்சத்திரங்களுக்குப் போட்டுப் பார்த்ததில் கிடைத்ததுதான் சந்திரசேகர் வரம்பு. 1983-ல் நோபல் பரிசு. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அந்த ஹோட்டல் அறைதான்.

சரி, பழசாகிப்போனது எது, பழசாகாதது எது? நீள்வட்டப் பாதை போய்விட்டது. எலக்ட்ரான் எந்தக் கோட்டிலும் ஓடுவதில்லை. அது இன்ன இடத்தில் அகப்படுவதற்கு இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். அந்த வாய்ப்பின் படத்தைத்தான் மேகம் மாதிரி புத்தகத்தில் வரைந்திருப்பார்கள். ஆனால் உள்ளே பாய்வது போகவில்லை! எஸ் மேகம் அணுக்கரு வரைக்கும் பரவியிருக்கிறது. பி மேகம் அணுக்கருவில் சுழியாகிவிடுகிறது, இருந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் உண்டு. டி மேகம் அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்லிவிடலாம். படம் மாறியது, காரணம் நிலைத்தது. 5.14-ம் 3.04-ம் 1.52-ம் அன்றைக்கும் இன்றைக்கும் அதேதான், ஏனென்றால் அவை அளந்து வந்த எண்கள்.

மாணவர்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 5.14-ஐ ஒன்பதால் பெருக்கி 13.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.84. அதாவது 3எஸ்-ல் இருப்பவருக்கு ஏறக்குறைய 1.84 புரோட்டான் இழுக்கிற மாதிரி இருக்கிறது. 3பி-க்கு 1.42. 3டி-க்கு 1.00. உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு எவ்வளவு என்பதை மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன.

இனி தலைப்புக்கு வருகிறேன். என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு. சாய்ந்த அம்புக்குறிகள் போட்ட படம் ஒன்று எல்லோரும் போட்டிருப்போம், 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், அப்புறம் 3டி என்று. ஆஃபா தத்துவம். அவள் கேட்டாள்: "மாமா, 4எஸ்-தான் முதல்ல நிரம்புதுன்னு மிஸ் சொன்னாங்க. அடுத்த பாடத்துல அயனி ஆகும்போது 4எஸ்-தான் முதல்ல காலியாகுதுங்கறாங்க. ஆழத்துல இருக்கறவன்தானே கடைசியா வரணும்? முதல்ல ஏறினவன் ஏன் முதல்ல இறங்கறான்?"

இது நியாயமான கேள்வி. "அதெல்லாம் விதிவிலக்கு, எழுதிட்டுப் போ" என்று சொல்லிவிடலாம், மார்க்கும் வந்துவிடும். ஆனால் அது விதிவிலக்கு இல்லை. அந்த அம்புப் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பத்தொன்பது எலக்ட்ரான் உள்ள மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் அணு: புரோட்டான் 19. ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியம்: புரோட்டான் 20. இரண்டு எலக்ட்ரானை இழந்த ஸ்கேண்டியம்: புரோட்டான் 21. மூன்றிலும் உள்ளே பதினெட்டு பேர் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தொன்பதாவது ஆளுக்கு எது வசதி, 4எஸ்-ஆ 3டி-யா? பொட்டாசியத்தில் 4எஸ்-ன் ஆழம் 4.34, 3டி-யின் ஆழம் 1.67. 4எஸ் தான் ஆழம், வித்தியாசம் 2.67. கால்சியம் அயனியிலும் 4எஸ் தான் ஆழம், ஆனால் வித்தியாசம் சுமார் 1.7 ஆகக் குறைந்துவிட்டது. ஸ்கேண்டியத்துக்கு வந்தால் தலைகீழ்! அங்கே 3டி ஆழம், 4எஸ் அதைவிடச் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் மேலே. இரண்டே புரோட்டான் கூடியதில் வரிசை மாறிப்போகிறது.

காரணம் என்னவென்றால், புரோட்டான் குறைவாக இருக்கும்போது 3டி மேகம் வெளியே தொலைவில் கிடக்கிறது, முழு மறைப்பில். உள்ளே பாயத் தெரிந்த 4எஸ்-க்குத்தான் லாபம். இழுப்பு கூடக் கூட 3டி மேகம் சட்டென்று உள்ளே சுருங்கிவிடுகிறது. அப்புறம் அது மூன்றாம் கூட்டுக்காரர், இது நான்காம் கூட்டுக்காரர் என்ற அடிப்படை வித்தியாசம் மேலே வந்துவிடுகிறது. இந்த மூவரில் நடுவில் இருக்கும் கால்சியம் அயனியை நம் கொடைக்கானல் வானாய்வகத்துக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துரத்தியிருக்கிறார்கள். அதன் 4எஸ் எலக்ட்ரான் 4பி-க்குத் தாவும் 393.4 நானோமீட்டர் கோட்டில்தான் அங்கே சூரியனைத் தகடு தகடாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்கேண்டியத்தில் மீதி இரண்டு எலக்ட்ரானையும் ஏற்றுவோம். முதல் ஆள் 3டி-யில் ஏறிவிட்டார், பார்த்தோம். இரண்டாவது ஆளும் 3டி-க்குத்தானே போக வேண்டும்? போகவில்லை, 4எஸ்-ல் ஏறுகிறார். மூன்றாவது ஆளும் 4எஸ். ஏனென்றால் 3டி மேகம் சின்னது, அதில் இன்னொரு ஆள் வந்தால் இருவருக்கும் தள்ளுமுள்ளு அதிகம். 4எஸ் விசாலமானது. இருக்கை கொஞ்சம் உயரத்தில் இருந்தாலும், நெரிசல் குறைவதால் மொத்தத்தில் ஆற்றல் மிச்சம். நம்ம ஊர் பஸ்ஸில் உள்ளே மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்காருவதைவிடப் படிக்கட்டுப் பக்கம் நிற்பது மேல் என்று நினைக்கிற கல்லூரிப் பையன்கள் மாதிரி.

ஆக ஸ்கேண்டியத்தில் ஏறிய வரிசை: 3டி, 4எஸ், 4எஸ். இறங்கும் வரிசை: 4எஸ், 4எஸ், 3டி. கடைசியில் ஏறியவர் முதலில் இறங்குகிறார். புதிர் எங்கே? புதிரே இல்லை! அம்புப் படம் சொல்வது பொட்டாசியம், கால்சியம், ஸ்கேண்டியம் என்று தனிம வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போகும்போது புதிதாக வந்தவர் எந்த அறையில் தங்குகிறார் என்பதை. ஒவ்வொரு வீட்டிலும் புரோட்டானும் ஒன்று கூடிவிடுகிறது. ஒரே வீட்டில் யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்பது அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்த குழப்பம் இது. பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தலைவலி மிச்சம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இதிலேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 4எஸ்-ன் ஆற்றல் இவ்வளவு என்று பொதுவாக ஒரு எண் கிடையாது. எந்த அணுவில், எத்தனை பேர் உள்ளே இருக்கும்போது என்று கேட்டால்தான் பதில் வரும். பல எலக்ட்ரான் உள்ள அணுவில் நாம் உண்மையில் அளப்பது முழு அணுவின் ஆற்றலை, ஒரு ஆள் இருக்கும்போதும் அவர் இறங்கிய பிறகும். ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்கள் அல்லவா? அந்த நகர்வும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆர்பிட்டால் ஆற்றல் என்பது நம் வசதிக்காக அந்த மொத்தத்தைப் பங்கு பிரித்துச் சொல்வது. ரொம்ப நல்ல வசதி, ஆனால் வசதிதான்.

குரோமியம் விஷயமும் இதேதான். அங்கே 4எஸ்-ல் ஒருவர், 3டி-யில் ஐந்து பேர். பாதி நிரம்பினால் தனி நிலைத்தன்மை என்று எழுதி மார்க் வாங்கினோம். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. அதற்கு நேர் கீழே மாலிப்டினமும் அப்படியே நடக்கிறது. அதற்கும் கீழே டங்ஸ்டன், நம் பழைய குண்டு பல்பின் இழை, 6எஸ்-ல் இருவர், 5டி-யில் நால்வர் என்று சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. பாதி நிரம்புவது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் டங்ஸ்டனுக்கு அது தெரியவில்லை.

கடைசியாக, இதையெல்லாம் நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். நம் பிசிக்ஸ் லேபுக்குப் போங்கள். நியூட்டன் வளையம் பார்க்க ஒரு சோடியம் விளக்கு இருக்கும், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுவிட்ச் போட்டதும் முதலில் சிவப்பாக எரியும், அது உள்ளே இருக்கும் நியான். சூடேறி சோடியம் ஆவியாகும் வரை பொறுமை வேண்டும். மஞ்சள் நன்றாக வந்த பிறகு, ஸ்பெக்ட்ராமீட்டரில் கிரேட்டிங்கை வைத்து, மஞ்சளை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தேடுங்கள். மங்கலாக வேறு கோடுகள் தெரியும். ஒன்று பச்சை பக்கம் 568 நானோமீட்டர் வாக்கில். 4டி-யிலிருந்து 3பி-க்கு இறங்கியது. இன்னொன்று ஆரஞ்சு சிவப்பில் 616 வாக்கில், 5எஸ்-லிருந்து 3பி-க்கு. 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். அதை 3.04-லிருந்து கழியுங்கள். 4டி-யின் ஆழம் 0.86 வரும்; ஹைட்ரஜனின் நான்காம் கூடு 0.85. டி உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை என்பது உங்கள் கையால் அளந்ததாகிவிடும். 5எஸ்-க்கு 1.02 வாக்கில் வரும், ஹைட்ரஜனின் ஐந்தாம் கூடோ வெறும் 0.54. ஐந்தாம் கூட்டு எஸ் நான்காம் கூட்டு டி-யைவிட ஆழத்தில் கிடப்பதையும் பார்த்துவிடுவீர்கள்.

அந்த எழுத்துகளின் பெயர்க் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நிறமாலைக்காரர்கள் கூர்மையாகத் தெரிந்த வரிசைக்கு ஷார்ப், முக்கியமானதற்குப் பிரின்சிபல், கலங்கித் தெரிந்ததற்கு டிஃப்யூஸ் என்று பெயர் வைத்தார்கள். அவற்றின் முதலெழுத்துகள்தான் எஸ், பி, டி. 616 ஷார்ப் வரிசை, 589 பிரின்சிபல், 568 டிஃப்யூஸ். மூன்றும் ஒரே விளக்கில்.

லேபில் இருக்கும் விளக்குக்கு வயதாகிவிட்டது, கிரேட்டிங்கிலும் கைரேகை நிறைய என்று இப்போது படிக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். சங்கத்தின் இந்த வருஷக் கணக்கில் ஒரு சோடியம் விளக்கு, இரண்டு நல்ல கிரேட்டிங் வாங்கித் தர முடியுமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பொருளாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார். அது சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. டிபன் முடிந்ததும் அவரிடம் போய் நில்லுங்கள், நானும் வருகிறேன்.